சத்தமாகப் பேர் வாசித்தவள்

எங்கள் அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிற அண்ணன் அவளுக்கு வைத்த பேர் அட்டெண்டன்ஸ் டீச்சர். தோளில் பையும் கையில் சுருட்டிய பேப்பருமாக அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "வந்துச்சுபா டீச்சரு. இன்னிக்கி வேல நடந்தாப்லதான்" என்று சொல்லி மெஷினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அவர் சொன்னதில் தப்பில்லை. அவள் வந்தால் வேலை நிற்கும்.

மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டை ஒட்டிய சந்து ஒன்றில் இருக்கிறது அந்த அச்சகம். நான் அங்கே தமிழ் டைப் செய்து, பிழை பார்க்கிறவள். கல்யாணம், காதுகுத்து, கிரகப்பிரவேசம், கண்ணீர் அஞ்சலி என்று இந்தப் பக்கத்துக் குடும்பங்களின் நல்லது கெட்டது எல்லாம் என் விரல் வழியாகத்தான் போகும். எந்த வீட்டில் யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது பத்திரிகையை அடிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்தாலும் கண்டுகொள்ள மாட்டேன். எழுதிக் கொடுத்ததைப் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்தால் என் வேலை முடிந்தது என்பது என் கட்சி. அவள் கட்சி வேறு.

அவள் ஜி.எஸ்.டி. ரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் கிராஃபிக் டிசைன் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். பொத்தேரியில் சில பெண்களோடு சேர்ந்து வீடு எடுத்துத் தங்கியிருந்தாள். கடைசி வருஷத்தில் மூன்று பேருக்கு நிஜமான அச்சு வேலை செய்து முடிக்க வேண்டும். சும்மா கம்ப்யூட்டரில் காட்டினால் போதாது. அச்சாகி, புழக்கத்துக்கு வர வேண்டும். வேலை கொடுத்தவரே கல்லூரிக்கு வந்து, ஆமாம், எங்களுக்குத்தான் செய்துகொடுத்தாள் என்று தேர்வாளர் முன்னால் சொல்லவும் வேண்டும். அவளோடு படித்தவர்கள் எல்லாம் கண்ணாடிக் கதவு போட்ட டிஜிட்டல் கடைகளுக்குப் போனார்கள். எங்கள் முதலாளி மட்டும்தான் படிக்கிற பிள்ளைகளை மெஷின் பக்கத்தில் நிற்க விடுவார். அதனால் இவள் எங்களிடம் வந்தாள்.

ஒல்லியான பெண். யாரோ அண்ணன்காரனுடையதைப் போட்டுக்கொண்டு வந்தது போலத் தொளதொள சட்டை. நாற்காலி காலியாக இருந்தாலும் பேப்பர் கட்டின் மேல்தான் உட்காருவாள். புதிதாக அச்சான தாளை முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பாள். "என்னடி, சாம்பாரா அது?" என்று கேட்பேன். சிரிப்பாளே தவிர மோப்பதை விடமாட்டாள்.

அவள் வேலை செய்கிற முறைதான் எங்களைப் படுத்தியெடுத்தது. அச்சுக்குப் பிளேட் போடுவதற்கு முன்னால் வேலை கொடுத்தவரை அச்சகத்துக்கே வரவழைப்பாள். பிழை பார்க்க எடுத்த ப்ரூஃப் தாளை மேஜையில் விரித்து, அதில் இருக்கிற ஒவ்வொரு பேரையும் விரல் வைத்துச் சத்தமாக வாசிப்பாள். ஒவ்வொரு பேருக்கும் அவர் வாயைத் திறந்து 'சரி' என்று சொல்ல வேண்டும். தலையாட்டினால் ஒப்புக்கொள்ள மாட்டாள். எல்லாம் முடிந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்பாள்: "யாரையாவது விட்டுட்டோமா?"

விட்டுட்டீங்களா என்று கேட்டால்கூட, இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தன்னையும் சேர்த்துக்கொண்டு 'விட்டுட்டோமா' என்று கேட்டால் ஆளுக்கு யோசனை வந்துவிடும். தலையைச் சொறிவார்கள். வீட்டுக்குப் போன் போடுவார்கள். கடைசியில் எங்கிருந்தோ ஒரு பேர் வந்து சேரும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் எல்லாவற்றையும் நகர்த்தி இடம் பண்ணுவேன்.

முதல் வேலை சேலையூரில் இட்லி மாவு விற்கிறவருக்குப் பாக்கெட் கவர். அவர் தன் பேரையும் தம்பி பேரையும் சேர்த்துக் கடைக்கு வைத்திருந்தார். வழக்கம்போலக் கேள்வியைக் கேட்டாள். யாரையும் விடவில்லை என்றார் அவர்.

"மாவு யாரு அரைக்கிறது அண்ணா?"

"மெஷின்தாம்மா அரைக்குது."

"மெஷின்ல அரிசி போடறது?"

அவர் கவரைப் பார்த்தார். "எங்கூட்டுக்காரம்மாதான். ஏன், அதையுமா போடணும்?" என்று இழுத்தார். போட்டோம். கவரின் கீழே சின்னதாக, 'அரைத்துத் தருபவர்' என்று அந்த அம்மாவின் பேர். முதலில் முணுமுணுத்த மனிதர், பிறகு தெரிந்தவர் அறிந்தவர் எல்லோரிடமும் அது தன் யோசனை என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். கல்லூரிக்கும் அவரே வந்து, தேவைக்கு மேலேயே பேசிவிட்டுப் போனாராம்.

இரண்டாவது, கோவளம் பக்கத்தில் ஒரு சின்ன சர்ச்சுக்குத் திருவிழா மலர். அந்த வேலையைக் கொண்டுவந்தது அவளோடு படித்த ஒரு பையன். மீன்பிடிக்கிற குடும்பம். அவளைப் பைக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியிலேயே நிற்பான். மெஷின் அண்ணன்தான், "இன்னா மச்சான், வெயில்ல காஞ்சிகினு கீற, வா" என்று டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போவார். நன்றி சொல்லும் பக்கத்துக்கு அரைப் பக்கம் பேர் வந்திருந்தது. இவள் கோவளத்துக்குப் போய் மீன் விற்கிற பெண்கள் நடுவில் உட்கார்ந்து விசாரித்துவிட்டு வந்தாள். பீடத் துணி துவைக்கிறவர், தேருக்குப் பூக்கட்டுகிறவர், மைக் செட்டுக்கு வீட்டிலிருந்து கரண்ட் கொடுக்கிறவர் என்று பேர்கள் பெருகின. புத்தகத்தில் ஒரு பக்கம் மட்டும் தனியாகக் கூட்ட முடியாது. நான்கு நான்காகத்தான் கூடும். கூடியது. ப்ரூஃப் பார்க்க வந்திருந்த ஃபாதர் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது திருவிழா மலரா, ரேஷன் கடை லிஸ்டா?" என்றார். ஆனாலும் ஒவ்வொரு பேருக்கும் 'சரி' சொன்னார்.

திருவிழா முடிந்து ஒரு அம்மா பஸ் பிடித்து எங்கள் அச்சகத்துக்கு வந்தாள். பை நிறைய மீன். "எம் பேரு புக்குல வந்துகீதாமே, அந்தப் பொண்ணு எங்க?" என்றாள். பொண்ணு அன்றைக்கு வரவில்லை. மீனை எங்களிடமே கொடுத்துவிட்டுப் போனாள். சைவக்காரரான முதலாளி அன்று பூரா மூக்கில் கர்ச்சீப்போடு உட்கார்ந்திருந்தார். அவளைத் திட்டுவதற்கு எங்களுக்கு இன்னொரு காரணம் கிடைத்தது.

அந்தப் பையனைப் பற்றி அவளே என்னிடம் சொன்னாள். ஒளித்துவைத்துப் பேசத் தெரியாத பெண். அவள் வீடு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம். ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் இப்போது வரிசையாக வாடகை வீடுகள்; மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை. அப்பா ஊரில் நான்கு பேர் மதிக்கிற மனிதர். இரண்டு பெண்கள், இவள் சின்னவள். கடைசி வருஷம் ஆரம்பிக்கும்போது, இந்தப் பையனைத்தான் கல்யாணம் செய்துகொள்வேன் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். அப்பா கத்தவில்லை, அடிக்கவில்லை. அவளோடு பேசுவதை நிறுத்தினார். வீட்டில் யாரும் அவள் பேரைச் சொல்லக் கூடாது என்றார். அவ்வளவுதான்.

"படிப்பு முடியிற வரைக்கும் என் பொறுப்புன்னு முன்னாடியே சொல்லியிருந்தாரு அக்கா. அதனால ஃபீஸ் மட்டும் கரெக்டா போயிடும். சொன்ன வார்த்தைய மீற மாட்டாரு எங்கப்பா" என்றாள். சொல்லும்போது அதில் பெருமை இருந்ததைக் கவனித்தேன். எனக்கு எரிச்சலாக இருந்தது.

வீட்டில் இவள் பேரை எடுத்துவிட்டதால்தான் ஊரார் பேரையெல்லாம் தேடித் தேடிப் போடுகிறாள் என்று முதலாளி கண்டுபிடித்துச் சொன்னார். எனக்கு அது அவ்வளவு சுலபமாகத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் வகுப்போடு போட்டோ எடுத்த அன்று காய்ச்சல் வந்து படுத்திருந்த ஒரு பெண்ணுக்காக, இன்னொரு தரம் எடுக்க வேண்டும் என்று ஹெச்.எம். அறை வாசலில் போய் நின்றவளாம் இவள். அந்தப் புத்தி பிறவியிலேயே வந்தது. வீட்டில் நடந்தது பிறகு வந்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டது.

அந்தப் புத்தி அவளுக்கு நல்லது மட்டும் செய்யவில்லை. மூன்றாவது வேலை முடிச்சூரில் ஒரு காதுகுத்து விழாவுக்கு ஃப்ளெக்ஸ் பேனர். குழந்தையை மடியில் வைத்துக்கொள்கிற தாய்மாமன் படத்தைப் பெரிதாகப் போடச் சொல்லியிருந்தார் குழந்தையின் அப்பா. ப்ரூஃப் பார்க்க வந்தது குழந்தையின் அம்மா மட்டும். இவள் கேள்வியைக் கேட்டதும் அந்தப் பெண் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுவிட்டாள். அவளுக்கு இரண்டு அண்ணன்கள். சின்னவரோடு சொத்துத் தகராறில் யாருக்கும் பேச்சில்லை. போனில் இருந்த அவர் படத்தைக் காட்டி, "ஒரு ஓரமா போடுவியாம்மா?" என்றாள். இவள் ஓரமாகப் போடவில்லை. தாய்மாமன் என்றால் இரண்டு பேரும்தான் என்று பெரியவர் பக்கத்தில் அதே அளவில் போட்டாள். வீட்டுக்காரரிடம் ஒரு தரம் காட்டிவிடு என்று நான் சொன்னேன். "அம்மா சரின்னு சொல்லிட்டாங்களே அக்கா" என்றாள்.

விழாவன்று காலையில் மண்டப வாசலில் பேனரைப் பார்த்த பெரிய தாய்மாமன் மாலையைக் கழற்றி வீசிவிட்டாராம். பேனரை இறக்க நேரமில்லை. யாரோ பிளேடு கொண்டுவந்து சின்னவர் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தார்கள். முகம் இருந்த இடத்தில் ஓட்டையோடு அந்த பேனர் விழா முடிகிறவரை நின்றது. இவள் போட்டோ எடுக்கப் போனவள், நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். என் பக்கத்தில் பேப்பர் கட்டின் மேல் உட்கார்ந்தாள். பிறகு, "வெட்டினதைக்கூட நேரா வெட்டல அக்கா" என்றாள்.

அந்தக் குடும்பம் கல்லூரிக்கு வர மாட்டோம் என்று சொல்லிவிட்டது. அழுத பெண் போன் செய்து, தன்னால் ஒன்றும் பேச முடியாது, மன்னித்துவிடு என்றாள். மூன்றாவது வேலை போயிற்று. கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. புதிதாக ஒருவரைத் தேடிப் பிடித்து, வரைந்து, அச்சடித்து முடிக்க அவகாசமில்லை.

அப்போதுதான் அவளுடைய அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அப்பாவுக்குத் தெரியாமல் இவளோடு போனில் பேசிக்கொண்டிருந்தவள் அந்த அக்கா ஒருத்திதான். தங்கைக்கு ஒரு வேலை குறைகிறது என்று தெரிந்ததும் அப்பாவிடம் நேராகப் போய், "பத்திரிகைய தங்கச்சிதான் பண்ணணும். இல்லேன்னா எனக்குப் பத்திரிகையே வேணாம்" என்று உட்கார்ந்துவிட்டாளாம். அப்பா ஒப்புக்கொண்டார். வேலையை அவள் செய்யட்டும், செய்தாள் என்று கல்லூரியில் போய்ச் சொல்லவும் செய்கிறேன், ஆனால் பத்திரிகையில் அவள் பேர் இருக்காது என்றார். அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்.

"அவனை விட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லணுமாம் அக்கா. சொன்னா பேர் போடறாராம்."

"சொல்லேன்டி. கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம். ஒரு பொய்தானே?"

"அப்ப அவன் பேரை நான் எடுத்த மாதிரி ஆயிடும்ல?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இப்படி நியாயம் பேசுகிறவர்களை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. போடி, உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். பின்னாளில் அவள் அந்தப் பையனையே பதிவுத் திருமணம் செய்துகொண்டு பெங்களூருக்குப் போனாள். நன்றாகத்தான் இருக்கிறார்கள். வீட்டோடு இன்னும் போக்குவரத்து இல்லை. உன்னைப் பற்றி எழுதப்போகிறேன் என்று போன வாரம் சொன்னபோது, பேர் மட்டும் வேண்டாம் அக்கா, அப்பாவுக்குச் சங்கடமாக இருக்கும் என்றாள். அதனால் பேர் எழுதவில்லை.

பத்திரிகைக்கான விஷயத்தை அப்பா தன் கையாலேயே எழுதியிருந்தார். அக்கா அதைப் படம் பிடித்து அனுப்பினாள். நான் டைப் செய்தேன். சாய்வான, அழகான கையெழுத்து. மேலே குலதெய்வம், அடுத்து தெய்வத்திரு என்று காலமான தாத்தா பாட்டி. கீழே பெரியப்பா, சித்தப்பா, அத்தைமார், மாமன்மார், அவர்கள் பிள்ளைகள், பிள்ளைகளின் பிள்ளைகள். இன்னும் பேர் வைக்காத கைக்குழந்தைகூட 'பேபி' என்று இருந்தது. இவள் இல்லை. நான் ஒன்றும் சொல்லாமல் அடித்துக்கொண்டே வந்தேன். நடுவில் மணப்பெண்ணைச் சொல்கிற வரி வந்ததும் அவள் என் தோளைத் தட்டினாள்.

"இதைப் பாருங்க அக்கா."

'எங்கள் மூத்த மகள்' என்று எழுதியிருந்தார்.

"மூத்தன்னா அடுத்து ஒருத்தி இருக்கான்னுதானே?"

"பழக்கத்துல எழுதியிருப்பாரு" என்றேன். என் வாய் சும்மா இருக்காது.

"இருக்கட்டும் அக்கா. பழக்கத்துலயாவது இருக்கேன்ல?"

அதற்குப் பிறகு அவள் அந்தப் பத்திரிகையைச் செய்த விதத்தைப் பார்த்திருக்க வேண்டும். மஞ்சளில் எத்தனை மஞ்சள் உண்டோ அத்தனையையும் அச்சடித்துப் பார்த்தாள். தங்க நிற மயில், கலசம் எதுவும் கிடையாது. ஓரத்தில் அவர்கள் வீட்டு வாசலில் அம்மா போடுகிற இழைக் கோலம் மட்டும், நினைவிலிருந்து வரைந்தது. நடுவில் அந்த வரி. மற்ற வரிகளைவிட அதற்கு மேலும் கீழும் ஒரு நூல் இடம் அதிகம் விட்டிருந்தாள். நான் இத்தனை வருஷத்தில் எவ்வளவோ பத்திரிகை பார்த்துவிட்டேன். அதைப் போல் ஒன்றைப் பார்த்ததில்லை.

ப்ரூஃப் பார்க்க அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அம்மா காரிலேயே உட்கார்ந்துகொண்டாள். கண்ணாடி ஏற்றியிருந்ததால் முகம் தெரியவில்லை. முதலாளிக்கு வணக்கம் சொன்னார், எனக்குச் சொன்னார். பிறகு மகளைப் பார்த்து அதே குரலில், "வணக்கம்ங்க. ப்ரூஃப் பாத்துடலாங்களா?" என்றார்.

மெஷின் அண்ணன் மெஷினை நிறுத்தினார். டீ குடிக்கப் போகவில்லை.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். பிறகு, "உக்காருங்க சார்" என்றாள். தாளை அவர் பக்கம் திருப்பி விரித்து, விரல் வைத்து வாசிக்கத் தொடங்கினாள். தாத்தா பேர். "சரிங்க." பாட்டி பேர். "சரிங்க." தன்னைத் தூக்கி வளர்த்த அத்தையின் பேரைப் படித்த பட்டத்தோடு சேர்த்து வாசித்தாள். "சரிங்க." அம்மா பேரையும் அப்படியே வாசித்தாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. ஹார்டுவேர் கடையில் ஸ்டாக் சரிபார்ப்பது போல இருவரும் போய்க்கொண்டிருந்தார்கள்.

"எங்கள் மூத்த மகள்" என்று வாசித்தாள்.

அவர் சரி சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இந்த இடத்துல 'மூத்த' வேண்டாங்க. 'மகள்'னு மட்டும் இருக்கட்டும்."

"சரிங்க சார்."

சிவப்புப் பேனாவை எடுத்து அந்த வார்த்தையை ஒரே கோட்டில் அடித்தாள். ஓரத்தில் நீக்கல் குறி போட்டாள். மறுபடியும் விரல் வைத்து, "எங்கள் மகள்" என்று வாசித்தாள். "சரிங்க" என்றார். அங்கிருந்து 'பேபி' வரை விடாமல் வாசித்து முடித்தாள். அன்றைக்கு அவள் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பேனாவை அவர் கையில் கொடுத்தாள். அவர் கையெழுத்துப் போட்டார். போகும்போது முதலாளியிடம், "நல்லா வந்திருக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மனிதரின் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது எனக்கு. அழுகையும் வந்தது. இரண்டையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். அவள் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்து அந்த வார்த்தையை எடுத்தாள். வரி குறுகிப்போய் ஒரு பக்கமாக நின்றது. நகர்த்தி நடுவுக்குக் கொண்டுவந்தாள். தூர நின்று பார்த்தாள். "இப்ப இன்னும் சுத்தமா இருக்கு அக்கா" என்றாள். பிறகு பின்பக்கம் போய் மை கழுவுகிற குழாயில் வெகுநேரம் முகம் கழுவினாள்.

அப்பா சொன்னபடியே கல்லூரிக்குப் போனார். வேலை திருப்தி, நேரத்துக்கு முடித்துக் கொடுத்தார்கள் என்று தேர்வாளரிடம் சொல்லிவிட்டு, கை கூப்பிவிட்டு வந்தார். அவள் தேறினாள். இருவருக்கும் ஒரே ஊர் என்பதைக்கூட அங்கே யாரும் கவனிக்கவில்லை.

கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு அப்பாவும் அம்மாவும் அச்சகத்துக்கு வந்தார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமச் சிமிழ், பத்திரிகைக் கட்டு. வேலை செய்து கொடுத்தவர்களை நேரில் அழைக்க வேண்டும் என்று நினைக்கிற மனிதர். கல்லூரிக் கண்காட்சிக்கு வைத்த தாள்களைக் கட்டி எடுத்துக்கொண்டு போக அவளும் அன்றைக்கு வந்திருந்தாள். அவள் இருப்பாள் என்று அவர்களுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது.

ஒவ்வொரு கவரிலும் அங்கேயே பேர் எழுதினார். முதலாளியிடம் பேர் கேட்டு எழுதி, "குடும்பத்தோட வந்துடணும்ங்க" என்று கொடுத்தார். மெஷின் அண்ணனுக்கும் அப்படியே. எனக்கும் அப்படியே. அம்மா எனக்குக் குங்குமச் சிமிழை நீட்டினாள். எடுத்துக்கொண்டேன். அடுத்து அவள் நின்றிருந்தாள்.

அப்பா கட்டிலிருந்து இன்னொரு கவரை எடுத்தார். அவளிடம் பேர் கேட்கவில்லை. செல்வி என்று போட்டு, அவள் பேரை முழுசாக எழுதினார். 'அவர்கள்' என்று முடித்தார். தாம்பாளத்தில் வைத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"அவசியம் வரணும்ங்க."

வீட்டுப் பெண்ணுக்கு யாரும் பத்திரிகை வைக்க மாட்டார்கள். பத்திரிகை வெளியாட்களுக்குத்தான். அது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். அவள் கை துடைத்துக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினாள்.

"கண்டிப்பா வரேன் சார்."

அம்மா குங்குமச் சிமிழை நீட்டினாள். குங்குமம் கொஞ்சம் தாம்பாளத்தில் சிந்தியது. அவள் மோதிர விரலால் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். அவர்கள் போன பிறகு கவரில் இருந்த தன் பேரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளை வரவைக்க அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான் என்று முதலாளி இன்றைக்கும் சொல்வார். இருக்கலாம். மகளைக் கொல்லாமல் கொல்வதற்கும் அதைவிடச் சரியான வழி எனக்குத் தெரியவில்லை.

போகாதே என்று சொன்னேன். "முறையா கூப்பிட்டிருக்காங்க அக்கா. போகலன்னா மரியாதையா இருக்காது" என்றாள். அதனால் நானும் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு கூடப் போனேன். மண்டப வாசலில் அவளுடைய சித்தப்பா மகள்தான் பன்னீர் தெளித்துக்கொண்டு நின்றாள். இவளைக் கண்டதும் சொம்பைப் பிடித்தபடியே நின்றுவிட்டாள். இவளே குனிந்து கை நீட்டி, கல்கண்டு எடுத்துக்கொண்டு உள்ளே வந்தாள். மேடைப் பக்கம் போகவில்லை. முதலாளியும் மெஷின் அண்ணனும் உட்கார்ந்திருந்த பின்வரிசையில் எங்களோடு உட்கார்ந்தாள். மணமேடையிலிருந்து அக்கா கூட்டத்துக்குள் தேடிக்கொண்டே இருந்தாள். தங்கை கண்ணில் பட்டதும் பாதி எழுந்துவிட்டாள். பின்னால் இருந்த யாரோ தோளை அழுத்தி உட்காரவைத்தார்கள்.

அட்சதைத் தட்டு எங்கள் வரிசைக்கு வந்தது. எல்லோரும் ஒரு சிட்டிகை எடுத்தோம். அவள் கை நிறைய அள்ளிக்கொண்டாள். கெட்டி மேளம் முழங்கியது. எல்லோரும் எழுந்தார்கள். அவள் முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, எம்பி, தன் பலத்தையெல்லாம் சேர்த்து வீசினாள். நாங்கள் நின்ற இடத்திலிருந்து மேடை ரொம்ப தூரம். அத்தனையும் நடுவில் நின்றவர்கள் மேல் விழுந்தது. ஒரு பெரியவர் திரும்பிப் பார்க்காமலே தோளைத் தட்டிவிட்டுக்கொண்டார். அவள் அதைப் பார்க்கவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா மேல பட்டிருக்கும்ல?" என்று கேட்டாள்.

"பட்டிருக்கும்டி" என்றேன்.